படிக்கட்டில் இல்லாத ஜன்னல்

மார்ச் 3, செவ்வாய்

கண்காட்சிக்கு இன்னும் இருபது நாள். ஆறு படம் வரைந்து முடித்துவிட்டேன். ஆறிலும் அதே பழைய அரண்மனைப் படிக்கட்டு, அதே திருப்பம், அதே ஜன்னல். காட்சிக்கூடத்துக்காரர் கிண்டலடிக்கிறார்: "உங்களுக்கு வேற ஜன்னலே கிடைக்கலியா மேடம்?"

கிடைக்காது. அப்பா அங்கே காவலாளியாக இருந்தபோது, தம்பி அந்தத் திருப்பத்திலிருந்துதான் விழுந்து செத்தான். அவனுக்கு ஐந்து வயது, எனக்கு எட்டு. நான் ஜன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் அவன் விழுந்ததைப் பார்க்கவில்லை.

அன்று பூட்டிய படிக்கட்டைப் பழுதுபார்க்கத் திறந்திருக்கிறார்களாம். ஏழாவது படத்துக்கு அங்கேயே போகப் போகிறேன்.

மார்ச் 5

அனுமதி கிடைத்துவிட்டது.

மார்ச் 6, வெள்ளி

ஜன்னல் இல்லை.

வேறு படிக்கட்டோ என்று பார்த்தேன். இல்லை — அப்பா ஆணியால் கீறிய எங்கள் உயரக் கோடுகள் கீழ்ச்சுவரில் அப்படியே இருக்கின்றன. பின்னால் அடைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். மெல்லிய தாளைச் சுவரில் ஒட்டிக் கரியால் தேய்த்தால், அடைத்த இடத்தின் விளிம்பு கோடாகத் தெரிந்துவிடும். ஏணி போட்டுப் பதினோரு தாள் தேய்த்தேன். கல் வரிசை ஓரிடத்திலும் உடையவில்லை.

வேலையிலிருந்த கொத்தனார் சிரித்தார். "அந்தப் பக்கம் பாறைம்மா. ஜன்னல் வெச்சா பாறையத்தான் பாக்கணும்."

கண்ணால் கண்டதும் பொய் என்பார்கள். நான் கண்ணால்கூடக் காணவில்லை போலிருக்கிறது. அப்ப எதைப் பாத்துக்கிட்டிருந்தேன்? எங்க நின்னேன்?

மார்ச் 8, ஞாயிறு

அம்மாவிடம் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள், கை நிற்கவில்லை.

"ஜன்னல் நான் சொன்னதுதான். தினம் சொன்னேன், நீ நம்புற வரைக்கும்."

"ஏம்மா?"

அலமாரியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து வந்தாள். உள்ளே தம்பியின் சட்டைப் பொத்தான், கிழிந்த துணியோடு.

"அவன் விழுந்தப்புறம் ரெண்டு நாளா நீ கையைத் திறக்கவே இல்ல. திறந்தப்ப இது இருந்துச்சு. பிடிச்சியா, தள்ளினியான்னு நான் கேக்கல. கேட்டா நீ சொல்லிடுவியேடி."

பிடித்தேனா, தள்ளினேனா என்று நினைத்துப் பார்த்தேன். கண்ணை மூடினா ஜன்னல்தான் வருது. சனியன், இப்பவும் ஜன்னல்தான் வருது.

மார்ச் 11

பொத்தானைத் தாளுக்கடியில் வைத்துத் தேய்த்தேன். நான்கு துளை. பிடித்தேனா தள்ளினேனா என்பது கரியில் விழவில்லை.

மார்ச் 23, திங்கள்

கண்காட்சி. ஆறு ஜன்னல்களும் ஒரு சுவரில். எதிர்ச்சுவரில் பதினோரு தாளையும் சேர்த்து ஒட்டிய கருப்புச் சுவர், கீழ் ஓரத்தில் அந்தப் பொத்தான்.

அம்மா வந்தாள். கருப்புச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல்கள் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"எனக்கு ஒண்ணு குடுடி. வெளிச்சம் நிறைய இருக்கறதா."

கழற்றிக் கொடுத்தேன்.