நான் பிரித்துப் பார்த்த மாத்திரை

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், இந்த வாரத்துக்கு அதைத்தான் சுகம் என்று சொல்ல வேண்டும், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். வலது மணிக்கட்டில் கட்டு, இடது கையால் எழுதுகிறேன். உடைத்தது உன் தம்பி.

கொகெய்ன் பழக்கத்தை விடுவதற்காக அவன் ஆஸ்பத்திரி ஆராய்ச்சியில் சேர்ந்தது உனக்குத் தெரியும். அந்தப் பொடியை நிறுத்தினால் மனசு படுகுழியில் விழுகிறதாம், எழுந்திருக்கத் திரும்ப அதையே தேடுகிறார்களாம், மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மருந்து தாங்கிப் பிடிக்குமா என்று பன்னிரண்டு வாரம் கொடுத்துப் பார்க்கிறார்கள். பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை, யாருக்கு எது என்று டாக்டரம்மாவுக்கே தெரியாது. அதுதான் எனக்கு உறுத்தல். இருபத்தாறு வருஷமாகப் பெயிண்ட் விற்கிறேன், டப்பாவைத் திறந்து கலக்கிப் பார்க்காமல் ஒரு லோடு இறக்கினதில்லை. ஆனாலும் ஏழு வாரம் பொறுத்தேன், அவனும் நன்றாகத்தான் இருந்தான், கடைசி நாலு வாரம் சிறுநீர்ப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை, கடையில் கலர் கூடக் கலந்து கொடுத்தான். செவ்வாய்க்கிழமை காலையில் என் கை சும்மா இருக்கவில்லை. ஒரு கேப்சூல் மாத்திரையைப் பிரித்து உள்ளே இருந்த பொடியை நாக்கில் வைத்தேன், கசக்கவே இல்லை. டேய், இது வெறும் மாவுடா, உன்னை ஏமாத்துறாங்க என்று சொல்லிவிட்டேன், போலிச் சரக்கைப் பிடித்துவிட்ட பெருமை எனக்கு. அப்ப இத்தனை நாளும் சும்மாவா பல்லைக் கடிச்சிட்டு இருந்தேன் என்று கேட்டுவிட்டு வெளியே போனான்.

மத்தியானம் கடைக்குத் திரும்பி வந்தவன் என் பிள்ளையே இல்லை. மூக்கில் ரத்தம், கண் இரண்டும் வெறித்திருந்தது. நாலு லிட்டர் டப்பாவைத் தூக்கி எறிந்தான், ஷோகேஸ் நொறுங்கியது. தடுக்கப்போன நம் லோடுமேன் மொட்டைக்கு முன்பல் இரண்டு போயிற்று. நான் குறுக்கே கையை நீட்டினேன், ஷட்டர் கம்பியால் ஓங்கி அடித்தான், எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அதோடு விட்டானா, தின்னர் கேனைக் கவிழ்த்துத் தரையெல்லாம் ஊற்றி லைட்டரை எடுத்துக்கொண்டு, எல்லாரும் எரிவோம், அதுவாவது நிஜமா இருக்கட்டும் என்றான். மொட்டைதான் வாயெல்லாம் ரத்தத்தோடு பின்னாலிருந்து பாய்ந்து, குப்புறத் தள்ளி மேலே உட்கார்ந்துகொண்டான். அந்தக் களேபரத்திலும், அக்கா, என் வெயிட்டுக்கு இன்னைக்குத்தான் ஒரு வேலை கிடைச்சிருக்கு என்கிறான் பாவி.

நடந்ததைப் போய்ச் சொன்னபோது டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை, அதுதான் சுட்டது. ருசி பாத்தா தெரியிற மாதிரியாம்மா செய்வோம், அது எதுன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது என்றார். சறுக்கினதற்காக நீக்கமாட்டார்களாம், ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் அவனே வந்து தொடர்கிறேன் என்று சொல்ல வேண்டும். இப்போது உன் மாமா வீட்டு மாடி அறையில் கிடக்கிறான், என் குரல் கேட்டாலே சுவரில் தலையை மோதிக்கொள்கிறான். நீ கூப்பிட்டால் எடுப்பான். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்த மாதிரி பேசிவிட்டாள் என்று சொல். அது மருந்தென்றால் இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, மாவென்றால் அந்த நாலு வாரமும் அவன் தனியாளாக நின்றிருக்கிறான், இதை நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். போலீசுக்கு நான் போகவில்லை, நீயும் அந்தப் பேச்சை எடுக்காதே.

குழந்தைக்கு என் முத்தம், மூவரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள். மறந்துவிடாதே, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு டாக்டரம்மா அறையைப் பூட்டிவிடுவார்கள்.

உன் அம்மா