கபரஸ்தானுக்கு எட்டடிப் பாதை

அக்டோபர் 3, திங்கள்

காலையில் தூறல். நாகலாபுரத்தில் பஸ் இறங்கி மேட்டுப்பேட்டைக்கு அஞ்சு மைல் மாட்டு வண்டி. இடுப்பு கழண்டு போச்சு. செயின்மேன் முனிரத்தினம் வழியெல்லாம் குறட்டை. குடுத்து வெச்சவன்.

தங்கல்: ஸ்கூல் பின்னாடி ஒரு ரூம். பல்லி மூணு. ஜன்னலுக்குக் கதவு கிடையாது. கிணத்துத் தண்ணி மட்டும் தித்திப்பு, அதுக்காக மத்ததை மன்னிச்சாச்சு.

கொண்டு வந்தது: நிலம் அளக்கிற செயின், கொடிக்கம்பு ஆறு, குடை (ஒரு கம்பி முறிஞ்சது), வீட்டுக்காரி சரோஜா கட்டிக் குடுத்த புளியோதரை, பேதி மாத்திரை. மறந்தது: சீப்பு. முனிரத்தினத்துக்கிட்ட கேட்கலாம்தான். அவனுக்குத் தலையில முடியே இல்லை.

வேலை: இந்த ஊர் ஏப்ரல் வரைக்கும் மெட்ராஸ். இப்போ ஆந்திரா, சித்தூர் ஜில்லா. பழைய ஸ்கெட்ச் எல்லாம் சரிபார்த்து புது ரிஜிஸ்டர்ல ஏத்தணும். அதுல ஏறினது ஊர்ல உண்டு, ஏறாதது இல்லை. வந்த அன்னிக்கே புது மாப்பிள்ளை மாதிரி கவனிக்கிறாங்களே, ஏன்னு தெரியாதா எனக்கு.

புரட்டாசி வேற. கோழி அடிக்கட்டுமா சார்னு கேட்டவங்க இதுவரை நாலு பேர். வயித்தெரிச்சல்.

அக். 4, செவ்வாய்

நல்ல வெயில். கபரஸ்தான் அளந்தோம், பாய்ங்க அடக்கம் பண்ற எடம். ஊருக்கு மேக்கால, ஏகாம்பர நாயக்கர் வேர்க்கடலைக் கொல்லையைத் தாண்டி. சுத்துச்சுவர் ஒரு பக்கம் இடிஞ்சு கெடக்கு. உள்ள அமைதி. மருதாணிச் செடி, வேப்ப மரம் ரெண்டு. தலைமாட்டுக் கல்லெல்லாம் ஒரே சீர், எல்லாம் வடக்கு தெக்கா. என் காம்பஸையே அதை வெச்சு சரிபாத்துக்கலாம் போல. மு. செருப்பை வெளியே விட்டுட்டு வந்தான். நான் மறந்துட்டேன், அப்புறம் போய் கழட்டிட்டு வந்தேன்.

பழைய ஸ்கெட்ச்ல கபரஸ்தான் இருக்கு. அதுக்குப் போற பாதை இல்லை. நடந்துக்கினே இருந்த வழி, அதைப் போய் எவன் கோடு போட்டு வெப்பான்.

இப்போ நாயக்கர் கொல்லையைச் சுத்தி முள்வேலி. புதுசு. கேட்டேன். மனுஷன் மறைக்கல.

"நேத்து வரைக்கும் மெட்ராஸு, இன்னிக்கு ஆந்திரான்றான். புது சர்க்கார் வந்து எதைப் பொறம்போக்குன்னு எடுத்துக்குவானோ? பயம் சார். அதான் வேலி போட்டேன். பாய்ங்க வரப்பு மேல போய்க்கினு வந்துக்கினுதான் இருக்காங்க. நான் யாரையும் தடுக்கல."

நியாயம்னுதான் பட்டது. வரப்பு ஓரம் பாதை, அகலம் ரெண்டடின்னு பென்சில்ல எழுதிட்டேன். நாயக்கர் வீட்டு மோர், பெருங்காயம் தூக்கல். ரெண்டு சொம்பு. பிரச்சினையே இல்லாத ஊர்னு சரோஜாவுக்குக் கார்டு போட்டேன்.

அக். 5, புதன்

மூட்டம். கார்டு போட்ட நேரம் சரியில்லை.

பல் தேய்ச்சுக்கினு இருக்கும்போதே ஒருத்தர் வந்து நின்னார். காசிம் பாய். ஊர் டெய்லர், கபரஸ்தானைப் பாத்துக்கிறதும் அவர்தான். அறுபது இருக்கும். கழுத்துல டேப்பு, காதுல பென்சில். சத்தமே போடல, அதான் எனக்கு இன்னும் சங்கடமாப் போச்சு.

"சார், ரெண்டடின்னு எழுதினீங்களாம். திரும்பி வர்றவங்களுக்கு அது போதும். போறவங்களுக்கு?"

எனக்குப் புரியல. அவரே சொன்னார். போறவங்கன்னா சந்தூக்ல போறவங்களாம், சந்தூக்னா மய்யத்தை (செத்தவங்க ஒடம்பை) வெச்சுத் தூக்கிக்கினு போற மரப்பெட்டி. நாலு பேர் தோள்ல. ஊர்ல இருக்கிற ஆம்பிளை ஒவ்வொருத்தரும் நாலு எட்டாவது தோள் குடுக்கணும், நடக்க நடக்க மாத்திக்கினே போவாங்க. போன ஆடியில அவர் பெரியண்ணன் மவுத்து. வேலி வந்துட்டதால வரப்பு மேல ஒத்தையா ஒத்தையா, தலைக்கு மேல தூக்கிக்கினு போயிருக்காங்க. வாய்க்கால்கிட்ட ஒருத்தர் கால் சறுக்கி சந்தூக் சாஞ்சு போச்சு.

"கீழ விழல சார். அல்லா காப்பாத்தினான். ஆனா சாஞ்சதை நான் பாத்துட்டேன். அதுலருந்து எனக்குத் தூக்கம் சரியில்ல. என் வீட்ல முட்டி வாதத்துல படுத்துக்கினு கெடக்கா. நாளைக்கு அவளை அப்பிடி எடுத்துக்கினு போறதா?"

வெக்கமாப் போச்சு. என்னைப் பெத்த நைனாவைச் சுடுகாட்டுக்குத் தூக்கின தோள்தானே இது. நாலு பேர் நடக்க எவ்ளோ எடம் வேணும்னு எனக்குத் தெரியாதா? மோரைக் குடிச்சுட்டு ரெண்டடின்னு எழுதின முண்டம் நான். ரப்பர் எடுத்து அழிச்சேன், அவர் கண்ணு முன்னாலயே.

எவ்ளோ வேணும்னேன். டேப்பைப் பிரிச்சார். சந்தூக் அகலம், ரெண்டு பக்கமும் ஆளு, தோள் மாத்துறவங்க. எட்டடி. பேசிக்கினே என் குடைக்கம்பியைப் பாத்துட்டு ஊசி நூலால ரெண்டு சுத்து சுத்திக் குடுத்தார். பேஷா விரியுது.

சாயங்காலம் நாயக்கர்கிட்ட போனோம். குதிச்சார்.

"எட்டடியா! பாதிக் கொல்லையை அவங்களுக்கு விட்டுட்டு நானும் அங்கயே போய் படுத்துக்கவா? நாலடி போதும் சார். எட்டடி வேணும்னு என் கண்ணு முன்னால காட்டுங்க, கையெழுத்து போடுறேன்."

சரி, சந்தூக்கை எடுத்து வந்து நடந்து காட்டலாம்னேன். காசிம் பாய் முகம் மாறிடுச்சு. சும்மா எடுத்துக்கினு போற பொருள் இல்லையாம் அது. வெறும் சந்தூக் ஊருக்குள்ளருந்து வெளிய போச்சுன்னா அடுத்தது யாருன்னு வீட்டுக்கு வீடு கேட்க ஆரம்பிச்சுடுவாங்களாம்.

அதே அகலத்துல ஒரு கயித்துக் கட்டில் இருக்கு அவர் வீட்ல. அதை எடுக்கலாம்னு முடிவு. வெறும் கட்டிலைத் தூக்கினா ஆளுங்க குறுக்கிக்கினு ஓடிடுவாங்க, பாரம் வேணும்னேன். அரிசி மூட்டை வெக்கலாம்னான் மு.

பாய் வீட்டு வாசல்ல நின்னு இதைப் பேசும்போது உள்ள திரைக்குப் பின்னாலருந்து ஒரு குரல். பாயம்மா, ஜைத்தூன் பீ.

"மூட்டைக்கு இன்னா தெரியும் வழி? நான் ஒக்காந்துக்கிறேன். எப்படியும் நான் போவப்போற வழிதானே, குலுங்குதா இல்லையான்னு நானே சொல்றேன்."

"தோபா தோபா, வாயை மூடு!"ன்னு பாய்.

"இன்னாத்துக்கு மூடணும்? பதினாலு வருசமா மூடிக்கினுதானே இருக்கேன்."

வெளிய வந்ததும் பாய் எங்கிட்ட மெதுவாச் சொன்னார். ஒரே பொண்ணு, நூர்ஜஹான். ஆறு வயசுல காய்ச்சல்ல போயிட்டா. அங்கதான் இருக்கா. இந்த ஊர்ல பொம்பளைங்க கபரஸ்தானுக்குள்ள போற வழக்கம் இல்லை. பெத்தவ இன்னும் அந்த எடத்தைப் பாத்ததில்லை.

சாதம், கீரை. உப்பு இருந்துச்சா இல்லையான்னு ஞாபகம் இல்லை.

அக். 6, வியாழன்

வெயில், ஆனா காத்து சில்லுனு. ரொம்ப நல்ல நாள். ஒண்ணு விடாம எழுதி வெக்கணும்.

காலையில முதல் சிக்கல் ஹஜ்ரத். பள்ளிவாசல்ல தொழ வெக்கிறவர், கண்டிப்பான மனுஷர், வெள்ளைத் தாடி. பொம்பளை எப்படிப் போறதுன்னார். கட்டில்ல ஏறி ஒக்காந்தாச்சு பாயம்மா, தலையோட போத்திக்கினு.

"ஹஜ்ரத், நான் சியாரத்துக்கு, கபரைப் பாத்து வேண்டிக்கப் போவல. சர்க்கார் அளவுக்குப் போறேன். என்னை மூட்டைன்னு நெனச்சுக்குங்க."

கூட்டமே சிரிச்சிடுச்சு. ஹஜ்ரத் சிரிப்பை அடக்கத் தாடியைத் தடவினார். அப்புறம், "கட்டில் போவக்கூடாதுன்னு யாரும் சொல்லல"ன்னார். கூடவே நடந்தும் வந்தார்.

தூக்கினது: பாயோட தம்பிங்க ரெண்டு பேர், பக்கத்து வீட்டு நெசவுக்காரர் ஒருத்தர், நம்ம மு. நான் பக்கத்துல செயினோட. அம்பது லிங்குக்கு (அரைச் செயின், முப்பத்து மூணு அடி) ஒரு தடவை நிறுத்தி, வெளிப்பக்கக் கால் எங்க மிதிக்குதோ அங்க ஆணி. முதல் ஆணி ஏழடி. அடுத்தது ஏழே முக்கால். நாயக்கர் வேலியைப் பிரிச்சு வழி விட்டுட்டு கையைக் கட்டிக்கினு, மிதிபட்ட வேர்க்கடலைச் செடியை ஒவ்வொண்ணா எண்ணிக்கினே பின்னால வரார். முகத்துல கடுகு வெடிக்குது.

வாய்க்கால். அங்கதான் மு. கால் சேத்துல போச்சு. கட்டில் ஒரு பக்கம் அப்படியே எறங்குது. பாயம்மா ரெண்டு கையாலயும் சட்டத்தைப் புடிச்சுக்கினு "யா அல்லா!" செயினைப் போட்டுட்டு நான் ஓடறதுக்குள்ள நாயக்கர் வாய்க்கால்ல எறங்கிட்டார். முழங்கால் தண்ணி. தோளை அடியில குடுத்து நிமித்தினார்.

"நாயக்கரே, நேராப் புடிங்க. நான் இன்னும் சாவல."

"நீ சும்மா இரு தாயே, எனக்கே மூச்சு முட்டுது."

கரையேறினதும் மு. தோள் குடுக்க வந்தான். நாயக்கர் விடல. "போடா அந்தாண்ட"ன்னு கடைசி வரைக்கும் அவரே தூக்கிக்கினு வந்தார். வேட்டி நனைஞ்சு சொட்டுது. செடி எண்ணுறதை எப்பவோ விட்டுட்டார்.

கபரஸ்தான் வாசல்ல கட்டிலை எறக்கினோம். அளவு முடிஞ்சது. ரொம்ப விரிஞ்ச எடத்துல எட்டடிதான், டெய்லர் கணக்கு ஒரு அங்குலம் தப்பல. யாரும் திரும்பலாம்னு சொல்லல. ஹஜ்ரத் இடிஞ்ச சுவரைப் பாத்துட்டு வரேன்னு அந்தப் பக்கம் போயிட்டார். ஒரு இடிஞ்ச சுவரைப் பாக்க அவ்ளோ நேரமா? நல்ல மனுஷர்.

காசிம் பாய் கையைப் புடிச்சு பாயம்மா எறங்கினாங்க. ஒவ்வொரு எட்டும் வலி. ரெண்டாவது வேப்ப மரத்துக்கிட்ட ஒரு சின்ன மேடு, சின்னக் கல். பாய் காட்டினார்.

பாயம்மா ரொம்ப நேரம் பாத்தாங்க.

"இத்தினியூண்டா?"

பாய் தலையை ஆட்டினார்.

"சார், உங்க செயின்ல அளந்து சொல்லுங்க."

மண்டி போட்டு அளந்தேன். சரியான்னு இன்னொரு தடவையும் அளந்தேன். நாலடிம்மா, அதுக்கும் கொஞ்சம் கம்மின்னேன்.

"சரியாத்தான் இருக்கு"ன்னு பாயம்மா கீழ ஒக்காந்துட்டாங்க. "நான்தான் மனசுல வளத்துக்கினே வந்துட்டேன் சார். இருபது வயசு ஆக்கி, கல்யாணம்கூட பண்ணி வெச்சுட்டேன். வந்து பாத்தா என் கொழந்தை அப்பிடியே இருக்கா."

மண்ணைத் தடவினாங்க. அழுதாங்க, சத்தம் இல்லாம. அப்புறம் பாயைப் பாத்து, இந்த மருதாணிச் செடியை வெட்டி விடக்கூடாதா, நெழல் கட்டுதேன்னு ஒரு திட்டு. பாயும் கண்ணைத் தொடைச்சுக்கினே, சரி சரின்னார்.

நானும் அழுதேன். எழுதறதுல என்ன வெக்கம்.

திரும்பும்போது நாயக்கர் மிதிபட்ட செடியெல்லாம் புடுங்கி மண்ணு உதறி எல்லார் கையிலயும் குடுத்தார். பச்சை வேர்க்கடலை, பால் தித்திப்பு. கொறிச்சுக்கினே வந்தோம். கட்டில்ல ஒக்காந்தபடி பாயம்மா மடி நிறைய.

அக். 7, வெள்ளி

மழை. சளி. ஸ்கெட்ச் மசியில போட்டேன். மு.வுக்குக் கணுக்கால் வீக்கம், நாயக்கர் வீட்டம்மா பத்து அரைச்சுக் குடுத்தனுப்பிச்சாங்க. மதியம் காசிம் பாய் வீட்டுலருந்து எனக்குன்னு தனியா வெஜிடபிள் பிரியாணி. புரட்டாசின்னு ஞாபகம் வெச்சு செஞ்சிருக்காங்க. பட்டை வாசனை ரூம் முழுக்க. மூணு தட்டு.

அக். 8, சனி

வானம் வெளுத்துச்சு. பெருமாள் சனிக்கிழமை, சரோஜா இந்நேரம் திருப்பதி போயிருப்பா. எனக்கும் சேர்த்து வேண்டிக்குவா, சண்டை போட்டுட்டு வந்திருந்தாலும்.

ஸ்கூல்ல கையெழுத்து வேலை. நாயக்கர் முதல்ல. பேனாவை வாங்கினவர் ஸ்கெட்ச்ல வாய்க்கால் எடத்துல விரலை வெச்சார்.

"இங்க மட்டும் ஒம்போது போடுங்க சார். அங்கதான் கால் வழுக்குது. தூக்குறவனுக்குத்தான் தெரியும்."

போட்டேன். காசிம் பாய் அவர் கையைப் புடிச்சுக்கினார்.

அடுத்து உபயோகம்னு ஒரு கலம். "மய்யத்து எடுத்துப் போக"ன்னு எழுதி வெச்சிருந்தேன். பாய் தொண்டையைக் கனைச்சார். வீட்ல ஒரு விஷயம் சொல்லியனுப்பினாளாம், தப்பா நெனைக்கக் கூடாதாம். அதோட கூட, "உயிரோட இருக்கிறவங்க போய்ப் பாத்துட்டு வரவும்"னு சேக்கணுமாம்.

எல்லாரும் ஹஜ்ரத்தைப் பாத்தாங்க. ஹஜ்ரத் என்னைப் பாத்தார்.

"உயிரோட இருக்கிறவங்கன்னா... ஆம்பிளைங்கன்னு எழுதணுமா சார்?"

இல்லைங்க, அதுக்கு இந்த ரிஜிஸ்டர்ல கலம் கிடையாதுன்னேன். பாய் சொன்னதை அப்படியே சேத்து எழுதி நீட்டினேன், ஹஜ்ரத் கண்ணாடியை மாட்டிக்கினு ஒரு தடவை முழுக்கப் படிச்சார். கையெழுத்து போட்டுட்டார்.