பாதிக்கு மேல் இறங்காத கண்ணாடி

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கே நான், அப்பா, உன் தங்கை வாண்டு மூவரும் உயிரோடு நலமாக இருக்கிறோம். அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும். 'உயிரோடு' என்பதைச் சும்மா எழுதவில்லை, ஏன் என்று கீழே வருகிறது, உட்கார்ந்து படி. இந்தக் கடிதம் பதினோரு நாள் தாமதம். அன்றைக்கே எழுதினேன், படித்துப் பார்த்தால் பெற்றவள் எழுதியது மாதிரி இல்லை, கிழித்துப் போட்டேன். இரண்டாவதாக எழுதியதை அப்பா பார்த்துவிட்டார், வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், கேட்டால் தபாலில் சேர்த்துவிட்டேன் என்கிறார், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள். இது மூன்றாவது. அவர் லோடு ஏற்றப் போயிருக்கிறார், வாண்டு பள்ளிக்கூடத்தில். கையெழுத்து நிதானமாக இருக்கிறதே, அம்மாவுக்குக் கோபம் ஆறிவிட்டது என்று நினைக்காதே. ஆறவில்லை.

போன விடுமுறையில் வந்து அப்பாவின் லாரிக்கு ஸ்பீக்கர் மாற்றினாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். வண்டியோடு கம்பெனியிலிருந்து வந்த பழைய ஸ்பீக்கர் இரண்டும் கிழிந்து, செய்தி வாசிக்கிறவருக்கு வருஷம் முழுக்க ஜலதோஷம் பிடித்த மாதிரி இருந்தது உண்மைதான். நீ ஆசையாக, தனிக் கரண்ட் கேட்கிற ஆம்ப்ளிஃபையர் வைத்த புது ஸ்பீக்கர் வாங்கி வந்ததும் உண்மைதான். கதவு அட்டையைக் கழற்றினாய், நான் டார்ச் பிடித்தேன், அப்பா புது மாப்பிள்ளை மாதிரி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மாட்டி முடித்துக் கண்ணாடியை இறக்கியபோது பாதியில் 'டொக்' என்று நின்றது. அந்தச் சத்தம் என் காதிலும் விழுந்தது. என்னடா என்று கேட்டேன். 'ஒண்ணுமில்லம்மா, செட் ஆயிடும்' என்றாய். இன்னும் கொஞ்ச நேரம் கதவுக்குள் கையை விட்டு என்னவோ செய்தாய், அதற்குப் பிறகு டொக் வரவில்லை. சரி, பையன் சரி பண்ணிவிட்டான் என்று நானும் டார்ச்சை அணைத்தேன். நீ சரி பண்ணவில்லை. புது ஸ்பீக்கரின் காந்தம் பழையதைவிடத் தடிமன், இறங்கி வரும் கண்ணாடி அதில் இடிக்கிறது. இடிக்காமல் இருக்கக் கண்ணாடி இறங்கும் வழியில் ஒரு மரக்கட்டையைச் செருகி வைத்துவிட்டு, அப்பாவிடம் பாதிக்கு மேல் இறக்காதீங்க, போகப் போகப் படிந்துவிடும் என்று சொல்லிவிட்டு ரயில் ஏறிவிட்டாய். கட்டை எங்கேயாவது படியுமா?

அந்த டிரைவர் பக்கக் கதவின் உள்கைப்பிடி உடைந்து ஒன்றரை வருஷம் ஆகிறது, அது உனக்குத் தெரியாது என்று சொல்லாதே. அட்டையைக் கழற்றும்போது கையில் எடுத்துக் காட்டி, இதை இன்னும் மாத்தலையாப்பா என்று நீதான் சிரித்தாய். 'நீ பாட்டப் பாருடா' என்று அவரும் சிரித்தார். டார்ச் பிடித்த நானும் சிரித்தேன், என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன். கண்ணாடியை முழுக்க இறக்கி, கையை வெளியே விட்டு, வெளிக் கைப்பிடியை இழுத்து இறங்குவதுதான் அவர் வழக்கம். பாதிக் கண்ணாடிக்கு மேலாகக் கையை விட்டுக் கீழே வளைத்தால் கைப்பிடி எட்டாது. ஆகவே நீ போனதிலிருந்து இரண்டு மாதமாக ஒவ்வொரு தடவையும் சீட்டின் மேல் நகர்ந்து நகர்ந்து கிளீனர் பக்கக் கதவு வழியாக இறங்கியிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகன் செய்த வேலையாம், குறை சொல்லக் கூடாதாம். அவர் கோணல் மாணலாக இறங்குவதைப் பார்த்து இடுப்பு வலி என்று நினைத்து, நான் தினமும் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கட்டை கதவில், தைலம் இடுப்பில். எப்படி இருக்கிறது நம் குடும்பம்.

அன்றைக்கு வாண்டுக்கு அரை நாள் பள்ளி. அப்பா அவளையும் ஏற்றிக்கொண்டு அட்டைப்பெட்டி கோடவுனுக்குப் போயிருக்கிறார். அங்கே இடம் குறைவு, எப்போதும் சுவரை ஒட்டித்தான் நிறுத்த வேண்டும், கிளீனர் பக்கக் கதவு இரண்டு விரல்கடைதான் திறக்கும். முன்னால் வேறொரு லாரி. சுமை இறக்குகிறவர் வந்து வெளியிலிருந்து கதவைத் திறந்துவிடுவார் என்று பாட்டைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்களாம். அப்போதுதான் காலடியிலிருந்து புகை. கதவின் கீல் பக்கமாக ஒயரை இழுத்தாயே, அதற்கு மேலே ஒரு ரப்பர் குழாய் மாட்டினாயா? கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி, தகரத்தில் உரசி உரசி ஒயரின் தோல் கிழிந்திருக்கிறது. அப்பா சாவியை அணைத்தார், புகை நிற்கவில்லை, ஏனென்றால் நீ ஒயரை நேராக பாட்டரியில் கொடுத்திருந்தாய், நடுவில் ஒரு ஃபியூஸ்கூட இல்லை. அந்தப் பக்கம் சுவர். இந்தப் பக்கம் கைப்பிடி இல்லாத கதவு, பாதிக் கண்ணாடி. முழங்கையால் இடித்திருக்கிறார், கண்ணாடி உடையவில்லை. ஒயரைப் பிடுங்கப் போய் உள்ளங்கை வெந்துவிட்டது. பின்னால் முழுக்க அட்டைப்பெட்டி, பெரியவனே. ஒரு பொறி போதும்.

கடைசியில் வாண்டைத் தூக்கி அந்தப் பாதிச் சந்து வழியாக வெளியே தள்ளினார். ஆறு வயசுக் குழந்தை, தலை போய்விட்டது, இடுப்பு மாட்டிக்கொண்டது, இரண்டு பக்கமும் தோல் உரிந்தது. அப்பா சட்டையைப் பிடித்துக்கொள்ள, கீழே விழாமல் திரும்பி ஏறுபடியில் கால் ஊன்றி, இரண்டு கையாலும் தொங்கி, கைப்பிடியை இழுத்திருக்கிறாள். முதல் தடவை திறக்கவில்லையாம், 'ரெண்டாவது தடவ பல்லக் கடிச்சிக்கிட்டு இழுத்தேம்மா' என்றாள். அப்பா இறங்கி ஓடி பாட்டரி ஒயரைக் கழற்றிய பிறகுதான் புகை அடங்கியதாம். அவள் சொல்லித்தான் எனக்கே தெரியும். உன் அப்பா வீட்டுக்கு வந்து, ஒரு ஒயர் லேசாகப் புகைந்தது, பழைய வண்டிதானே என்றார். வண்டி முதலாளியிடமும் பழைய ஒயரிங் என்றே சொல்லியிருக்கிறார். மறுநாள் மெக்கானிக்கைக் கூப்பிட்டு என் கண் முன்னாலேயே கதவைத் திறக்கச் சொன்னேன். கட்டையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, யாரும்மா இந்த வேலைக்காரன் என்று கேட்டார். என் மகன் என்று சொல்லவில்லை. யாரோ என்றேன். அப்படிச் சொன்னதற்கும் சேர்த்து உன் மேல்தான் கோபம்.

உன் ஸ்பீக்கரோடு வந்த தாளை எடுத்துப் படித்தேன். நானும் இயற்பியல் படித்தவள், உன்னை மடியில் போட்டுக்கொண்டு கடைசி வருஷப் பரீட்சைக்குப் படித்தவள். முதல் வரியே மாட்டுவதற்கு முன் கதவின் உள் ஆழத்தை அளந்து பார் என்றுதான் இருக்கிறது. வாண்டின் அடிக்கோலை வைத்து நானே அளந்தேன். கதவில் இருப்பது இரண்டேகால் அங்குலம், உன் ஸ்பீக்கருக்கு வேண்டியது இரண்டே முக்கால். அரை அங்குலத்துக்கு ஒரு வளையம் வைத்து வெளியே தூக்கி மாட்டியிருந்தால் தீர்ந்தது. தெரியாமல் செய்திருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். டொக் என்றபோதே உனக்குத் தெரியும், அப்பாவின் முகம் வாடிவிடுமே என்று மறைத்தாய். உன் முகம் வாடிவிடுமே என்று அவர் மறைத்தார். ஒருவர் மேல் ஒருவர் வைத்திருக்கும் பாசத்துக்கு நடுவில் என் பெண் மாட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணி, பாட்டு எப்படிப்பா கேக்குது என்று கேட்டாயே. கட்டுப் போட்ட கையில் போனைப் பிடித்துக்கொண்டு, 'சூப்பர்டா, பக்கத்து லாரிக்காரன்லாம் கேக்குறான்' என்றார். உன் ஸ்பீக்கர் அப்போது கட்டில் அடியில் பெட்டியில் கிடந்தது. பழைய ஜலதோஷக்காரரையே மெக்கானிக் திரும்ப மாட்டியிருக்கிறார். உள்கைப்பிடி அன்றைக்கே மாற்றியாகிவிட்டது, கால் மணி நேர வேலை. அதற்குத்தான் ஒன்றரை வருஷம்.

வாண்டு நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். ஆனால் எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் கண்ணாடியை அடிவரைக்கும் இறக்கிப் பார்க்கிறாள். நேற்று பஸ்ஸில் கண்டக்டரிடம், இது முழுசா திறக்குமா என்று கேட்டாள். அவர் சிரித்தார். நான் அவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். அப்பாவின் லாரியில் மட்டும் ஏறமாட்டேன் என்கிறாள், அண்ணன் வந்து இறக்கிக் காட்டட்டும் என்கிறாள்.

அடுத்த விடுமுறைக்கு வளையம், ஃபியூஸ், ரப்பர் குழாய் மூன்றும் வாங்கி வா. அந்த ஸ்பீக்கரை நீதான் மாட்ட வேண்டும், டார்ச் நானே பிடிக்கிறேன், டொக் என்று ஒரு சத்தம் வந்தாலும் எழுந்து போகமாட்டேன். அந்தக் கட்டையும் பத்திரமாக இருக்கிறது, வந்து வாங்கிக்கொள். என்னிடம் மன்னிப்புக் கேட்டுப் போன் பண்ணாதே, எடுக்கமாட்டேன். அப்பாவுக்குப் பண்ணு. பாட்டைப் பற்றிக் கேட்காதே. 'அப்பா, கை எப்படி இருக்கு' என்று கேள். நான் எழுதிவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும், என்னைத் திட்டுவார், திட்டட்டும்.

வேளைக்குச் சாப்பிடு. நீ தங்கியிருக்கும் அறைக்கு எத்தனை கதவு, எல்லாம் உள்ளிருந்து திறக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து எழுது. நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், கோபத்தோடு சொன்னாலும் ஆசீர்வாதம் ஆசீர்வாதம்தான்.

உன் மேல் இன்னும் கோபமாக இருக்கும்,
அம்மா