மழைக்காலத்திலும் மடங்காத விரல்கள்

அக்கா,

கூரையில் செருகியிருந்த உன் உப்பு வாரும் பலகையை இன்று காலை வெளியே எடுத்தேன். அதன் கம்பில் நீ கட்டிய பழம்புடவை வளையம் அப்படியே இருந்தது. சாரல் பட்டதும் அதிலிருந்து உப்பு வாடை கிளம்பியது.

விடியும் முன் உப்புப் பாத்தியில் இறங்கும்போது உன் விரல்கள் கம்பைப் பிடிக்காது. அந்த வளையத்துக்குள் கையை நுழைத்துக்கொண்டுதான் வாருவாய். வெயில் ஏறிய பிறகே விரல்கள் இளகும். "உப்புத்தண்ணில நிக்கிறவளுக்கு இதெல்லாம் சகஜம்டி" என்பாய். மரக்காணத்தில் யாருக்குத்தான் அப்படித் தோன்றாது? பாத வெடிப்பும் கண் எரிச்சலும் உப்பளம் மூடினால் ஆறிவிடுகின்றனவே.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா எவ்வளவோ சொன்னார். இது உப்பால் வந்ததில்லை, நம்மைக் காக்க வேண்டிய சக்தியே நம் மூட்டுகளைத் தாக்கும் நோய், வாரம் தவறாமல் மாத்திரை போட வேண்டும் என்றார். நீயும் தலையாட்டினாய். கை தேறியது. மழையில் பாத்திகள் முழுகியதும் மாத்திரை டப்பாவைப் பரணில் ஏற்றிவிட்டாய்.

"உப்பளமே மூடியாச்சு, இன்னும் எதுக்கு மாத்திர? தை பொறந்ததும் போட்டுக்கறேன்."

நோய்க்கு ஏது மழைக்காலம்? தை பிறப்பதற்குள் உனக்கு மூச்சு வாங்கியது. நுரையீரலையும் பிடித்துவிட்டது என்றார் டாக்டரம்மா. "மூட்டு வலிதானேங்க?" என்று நீ திரும்பத் திரும்பக் கேட்டாய். உன் மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அப்போதுதான் ஆராய்ச்சிக்கென்று என் ரத்தத்தையும் எடுத்தார்கள். கூடப்பிறந்தவர்களுக்கு நோய் வரும் முன்பே ரத்தத்தில் அடையாளம் தெரிகிறதா என்று பார்க்கிறார்களாம். என் ரத்தத்தில் அது இருந்தது. "வந்தே தீரும்னு இல்லம்மா. ஆனா காலையில விரல் மடங்கலன்னா உடனே வாங்க" என்றார் டாக்டரம்மா. "எனக்கு வந்த சீர்ல நீயும் பங்கு கேட்டியாடி?" என்று சிரித்தாய். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அன்றிலிருந்து கண் விழித்ததும் விரல்களைத்தான் மடக்கிப் பார்க்கிறேன்.

நீ கண்மூடிய பிறகு வந்த மழைக்காலம் இது. உப்பளம் மூடி நாளாகிவிட்டது. பாத்திகள் எங்கும் வெள்ளம். நான் உப்பைத் தொடவே இல்லை. ஆனாலும் இன்று காலை சொம்பு கையிலிருந்து நழுவியது. விரல்கள் வீங்கி மரக்கட்டையாய்க் கிடந்தன. "மழைக் குளிருடி, வெயில் வந்தா சரியாப்பூடும்" என்றார் என் வீட்டுக்காரர். உன் பேச்சேதான் அது. உன் பலகையை எடுத்து வளையத்தில் கையை விட்டுப் பார்த்தேன். எனக்கென்றே கட்டிவைத்தது போல இருந்தது. அவிழ்க்க விரல் வரவில்லை. அரிவாள்மணையில் அறுத்தெடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

டாக்டரம்மாவிடம் போக பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், அக்கா. மழை விட்டு வெயில் வந்துவிட்டது. விரல்களும் இளகிவிட்டன. இல்லையென்றால் பேனாவைப் பிடித்திருக்க முடியாது. வீட்டுக்காரர் சொன்னதுதான் சரி, வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று மனசு சொல்கிறது, உன் குரலிலேயே சொல்கிறது.

இன்னொரு கையைப் பைக்குள் விட்டு உன் வளையத் துணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பஸ் வரட்டும்.