மேடைக்கு முந்தின நாள்

கோவிலம்பாக்கம்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள நஃபீசா அக்காவுக்கு,

ரோஸி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் ஸ்நேகாவும் சுகம். திருச்சி வெயிலில் நோன்பு எப்படிப் போகிறது? உங்களுக்கு நோன்பு, எங்களுக்குத் தவக்காலம். இரண்டு பேருமே பட்டினிதான், போங்கள்.

போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். எங்கள் வீடு ஒரே அறை. நான் எது பேசினாலும் ஸ்நேகா காதில் விழும். மெசேஜ் போடலாமென்றால், என் போன் என்னைவிட அதிக நேரம் அவள் கையில்தான் இருக்கிறது. அதனால் வேலை பார்க்கிற சிறுசேரி கேன்டீனில், சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கூரியரில் போட்டால் நாளைக்கே கிடைத்துவிடும் என்றார்கள்.

சனிக்கிழமை சிட்லபாக்கத்தில் நடக்கும் சமூகப் பணியாளர் விழா பற்றித்தான் அக்கா. காலையில் புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு நீங்கள் பயிற்சி வகுப்பு எடுக்கிறீர்கள். மதியத்துக்கு மேல் உங்களுக்குப் பொன்னாடை. பிறகு உங்களால் நன்மை அடைந்த ஒருத்தி பேச வேண்டுமாம். அந்த ஒருத்தி நான்தான். நோட்டீஸில் 'பயனாளி' என்று போட்டிருக்கிறார்கள், ரேஷன் கடை வரிசையில் நிற்கிற மாதிரி இருக்கிறது. உங்களுக்காக என்றதும் யோசிக்காமல் சரி என்றுவிட்டேன். இப்போது வேலையில் மனம் நிற்கவில்லை. நேற்று கல்லில் சப்பாத்தியைப் போட்டுவிட்டு, பார்த்துக்கொண்டே கருக்கிவிட்டேன். சூப்பர்வைசர், "இன்னா ரோஸி, நின்னுகினே தூங்குறியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

வீட்டுக்கார அம்மா லோகநாயகி வேறு தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். "நம்ம ரோஸி மைக்ல பேசப் போறா, வேன் புடிச்சாவது போவோம்" என்கிறார். ஸ்நேகா முதல் வரிசையில் உட்கார்ந்து வீடியோ எடுப்பாளாம். ஒன்பதாவது வந்துவிட்டாள் அக்கா, என் தோளுக்கு மேல் வளர்ந்து நிற்கிறாள்.

நீங்கள் திருச்சிக்குப் போனபின் உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் மாளவிகா நல்ல பெண்தான். நான் குறை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசை முடிந்து வருகிறோம், நான் பேச வேண்டியதை எழுதி எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள். உள்ளே வந்து சத்தமாகப் படித்தாள். 'இருளில் தவித்த என் வாழ்வில் ஒளியேற்றியவர்' என்று ஆரம்பம். "எங்க வூட்ல அப்பவும் ட்யூப்லைட் இருந்துச்சும்மா" என்றேன். அவளும் சிரித்தாள், ஸ்நேகாவும் சிரித்தாள். அடுத்து, 'தாம்பரம் ரயில் நிலையத்தில் என் ஐந்து வயது மகளுடன்' என்று படித்தாள். அதற்கு அடுத்த வரியை நான் எட்டிப் பார்த்துவிட்டேன். பேப்பரை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, ஸ்நேகாவைப் பால் வாங்கி வரச் சொல்லி விரட்டினேன். மாளவிகாவுக்கு முகம் செத்துப்போய்விட்டது. "சாரிக்கா, பாப்பாவுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாது" என்றாள். அந்த இடத்தை எடுத்துவிடுவதாகச் சொன்னாள்.

அந்தப் பேப்பர்படி நீங்கள் எனக்குத் 'தக்க ஆலோசனை வழங்கி'னீர்களாம். ஆலோசனையாவது! சாகத் துணிந்து, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தின் கடைசியில் நின்றவளிடம் நீங்கள் ஒரு வார்த்தை புத்தி சொல்லவில்லை. "பாப்பாவுக்குத் தாகம் போல, ரோஸ்மில்க் வாங்கித் தரேன். இதைக் கொஞ்சம் பாத்துக்கம்மா" என்று உங்கள் பையை என் கையில் திணித்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். அடுத்தவர் பையை வைத்துக்கொண்டு எப்படிச் சாவது? பெஞ்சில் உட்கார்ந்தேன். தெரிந்துதான் கொடுத்தீர்களா என்று இன்றுவரை உங்களிடம் கேட்டதில்லை. காலை வகுப்பில் அந்தப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள் அக்கா. ஒளி, இருள் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்நேகாவுக்கு அது ரோஸ்மில்க் குடித்த நாள். அவ்வளவுதான். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

பால் வாங்கி வந்ததும், மாளவிகா போகிறவரை பொறுத்திருந்து கேட்டாள். "ஸ்டேஷன்னு சொன்னதும் ஏம்மா புடுங்குன? அன்னிக்கு நாம எந்த ஊருக்குப் போறதா இருந்தோம்?" வாயில் வந்ததை, வேளாங்கண்ணிக்கு என்றேன். மாதாவை வேறு பொய்க்கு இழுத்தேன், என் வாயில் மண்ணைப் போட! அதற்கு அவள், "ஊருக்குப் போறவங்க துணிமணி எடுத்துனு போமாட்டாங்களா? நம்மகிட்ட பையே இல்லியேம்மா. உன் மடில இருந்தது அந்த அக்கா பைதானே" என்றாள்.

அடுப்பைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். அதன் பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்தாலாவது ஒரு அதட்டு போடலாம். பாடம் படிக்கிற மாதிரி உட்கார்ந்து என்னையே பார்க்கிறாள். மாளவிகா பேப்பரிலிருந்து எடுத்துவிட்டாள். இவள் மனதிலிருந்து யார் எடுப்பது?

யோசித்து யோசித்து மண்டை காய்ந்து, சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். மேடை ஏறுவதற்கு முன்னால், வெள்ளிக்கிழமை சாயங்காலமே. அவளாக எதையாவது கோத்துக்கொண்டு, தெரு ஜனங்களுக்கு நடுவில் உட்கார்ந்து எனக்குக் கைதட்டக் கூடாது. சாக நினைத்தேன் என்று சொல்வதற்குக்கூட எனக்கு வாய் வந்துவிடும். "நீ போறதுன்னா போ, என்னை ஏம்மா கூட்டினு போன?" என்று கேட்டால்? அவள் கேட்பாள் அக்கா, என் பிள்ளையை எனக்குத் தெரியாதா. அதற்கு என்னிடம் பதில் இல்லை. நானும் இத்தனை வருடமாகத் தேடிப் பார்த்துவிட்டேன்.

நீங்கள் சனிக்கிழமை விடியற்காலை ரயிலுக்கு வருவதாக மாளவிகா சொன்னாள். கையெடுத்துக் கும்பிடுகிறேன், வெள்ளிக்கிழமையே வந்துவிடுங்கள். நோன்போடு வெயிலில் பயணம் செய்யச் சொல்வதற்குத் திட்டாதீர்கள். நோன்பு திறக்கக் கஞ்சியும் பேரீச்சம்பழமும் வாங்கி வைத்திருப்பேன். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு என்ன வேண்டுமோ செய்து தருகிறேன், எங்களோடு தங்கிவிட்டுக் காலையில் போகலாம். போன் செய்யாதீர்கள். 'சரி' என்று மட்டும் ஒரு மெசேஜ் போடுங்கள்.

நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். எல்லாவற்றையும் நானே சொல்கிறேன். சொல்லி முடித்ததும் அவள் என்னை விட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்தால், நீங்கள் எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்காருங்கள். என் பக்கம் யாரும் வேண்டாம்.

மாதா உங்கள் பயணத்தைக் காப்பாற்றட்டும். உங்கள் துவாவில் என் மகள் பெயரை முதலில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை,
ரோஸி.