முகமூடியும் நிலக்கடலை சூப்பும்

ஜூன் 3

ஆகஸ்ட் சுதந்திர தின ஊர்வலத்தில் பள்ளிக்கொடி பிடிக்க என் மகள் யெசேனியாவைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? குதித்துக்கொண்டு வந்து சொன்னாள். "அம்மா எங்க வேலை பாக்குறாங்கன்னு டீச்சர் கேட்டாங்க. ஓட்டல்ல சமைக்கிறாங்கன்னு சொன்னேன்." அவளுக்கு நான் சொல்லி வைத்திருப்பது அதுதான்.

ஓட்டலாவது சமையலாவது. ஏழு வருடமாக லா பாஸ் நகரச் சதுக்கத்தில் ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறேன். இங்கே இந்தத் தொழில் செய்கிற எல்லோரையும் போல நானும் கம்பளி முகமூடி மாட்டிக்கொண்டுதான் உட்காருவேன். குடிகாரர்கள், திருடர்கள் என்று ஊர் பேசுகிற பேச்சுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு யார் உட்காருவது? மேட்டிலிருக்கும் எங்கள் எல் ஆல்டோவிலிருந்து மினிபஸ்ஸில் இறங்கி, பத்திரிகைக் கடையில் வைத்திருக்கும் பாலிஷ் பெட்டியை எடுத்து, கடைக்குப் பின்னால் நின்று முகமூடியை மாட்டினால் நான் காசில்டா இல்லை. சாயங்காலம் கழற்றினால் மறுபடி சமையல்காரி.

தொல்லை செவேரோ அண்ணன்தான். எதிர்வீட்டுக்காரர். மினிபஸ்ஸில் தினமும் பக்கத்து இருக்கை. ஏதோ அலுவலகத்தில் காவலாளியாம். "இன்னிக்கி என்ன சூப்பு தங்கச்சி?" என்று கேட்காவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது. இன்றைக்கு நிலக்கடலை சூப் என்று அளந்துவிட்டேன்.

ஜூன் 11

சதுக்கத்து முனையில் புதிதாக வந்திருக்கும் வணிக வளாகத்தின் காவலாள் அதிலியோவைப் பிடித்துத் தள்ளினான். முகமூடிக்காரர்கள் வாசலில் இருந்தால் வாடிக்கையாளர்கள் பயப்படுகிறார்களாம். அதிலியோ என் பக்கத்தில் உட்காருகிறவன், ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவன். படியில் விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. பிரஷ் பிடிக்கிற கை!

வளாகத்துக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? குடித்துவிட்டுத் தானாக விழுந்தானாம். இவங்க வாயில மண்ணு விழ. நான் பாத்தேன். ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்.

ஜூன் 14

எங்கள் பாலிஷ்காரர் சங்கச் செயலாளர் பெனிதா அக்கா தேடிக்கொண்டு வந்தார். தொழிலாளர் அலுவலகத்தில் ஜூலையில் விசாரணை. சிகிச்சைச் செலவு மட்டுமில்லை, அந்த மூலையில் நாங்கள் உட்காரலாமா கூடாதா என்பதும் அன்றைக்கே முடிவாகும்.

"சாட்சி வேணும் காசில்டா. முகமூடி இல்லாம, பேரைச் சொல்லி. நல்லாப் பாத்தவ நீதான்."

"டிவிக்காரங்க வருவாங்களா அக்கா?"

"வருவாங்க."

"அப்ப நான் பாக்கல."

பெனிதா அக்கா திட்டியிருந்தால்கூடத் தேவலை. "அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்காவது வா. அன்னைக்கு எல்லாரும் மூஞ்சியோட வரணும்னு சொல்லியிருக்கேன். நம்ம மூஞ்சிய நம்மளே பாக்கலன்னா வேற எவன் பாப்பான்?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஜூன் 17

அதிலியோ கையில் கட்டோடு வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனான். வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லையாம். சாட்சி சொல்லச் சொல்லி என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஜூன் 22

இப்படியும் ஒரு கூட்டமா! சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

சங்க அறைக்குள் நுழைந்தால் ஒரே சண்டை. "யாருய்யா நீ? இது பாலிஷ் போடுறவங்க கூட்டம், வெளிய போ." "நான் போறதா? நீ யார்றா முதல்ல?" வருடக்கணக்காகத் தோளோடு தோள் உட்கார்ந்தவர்கள்தான். முகத்தைப் பார்த்ததே இல்லையே, எப்படித் தெரியும்? ஒருத்தனைக் கழுத்தைப் பிடித்து வாசல்வரை தள்ளிவிட்டார்கள். அவன் போட்ட கூச்சலில்தான் அது பொருளாளர் என்று தெரிந்தது. கடைசியில் பெனிதா அக்கா மேசையைத் தட்டி, "எல்லாரும் முகமூடிய மாட்டிட்டு, பேரச் சொல்லிட்டு அப்புறம் கழட்டுங்க!" என்றார்.

நானும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பின் வரிசையில் அவரைப் பார்த்தேன். செவேரோ அண்ணன்! என்னையே வெறித்துக்கொண்டு நிற்கிறார். வேவு பார்க்க வந்தாரா? யார் சொல்லி அனுப்பியது? போச்சு, தெருவுக்கே தெரிந்துவிடும், யெசேனியாவுக்கும். எழுந்து ஓடியே வந்துவிட்டேன்.

ஜூன் 23

மினிபஸ்ஸில் அவர் பக்கத்தில்தான் இடம் இருந்தது. உட்கார்ந்தேன். பாதி இறக்கம்வரை இரண்டு பேரும் ஜன்னலையே பார்த்தோம். பிறகு அவர் மெதுவாக, "இன்னிக்கி என்ன சூப்பு?" என்றார்.

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "கறுப்பு சூப்பு. பிரஷ்ஷால கிண்டுனது."

மனிதர் ஒரு நிமிடம் திகைத்தார். பிறகு சிரித்தாரே ஒரு சிரிப்பு, ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். கைகளை விரித்துக் காட்டினார். நகக்கண்ணெல்லாம் பாலிஷ். காவலாளியுமில்லை ஒன்றுமில்லை, தேவாலயத்துச் சதுக்கத்தில் பத்து வருடமாக உட்காருகிறாராம்! "உன்னப் பாத்ததும் நெஞ்சே நின்னுபோச்சு தங்கச்சி. கூட்டத்துக்குச் சாப்பாடு கொண்டாந்த சமையக்காரி, ஊரெல்லாம் சொல்லிருவான்னு நெனச்சேன்."

அடப்பாவி மனுஷா. இத்தனை வருடம் இல்லாத சூப்பை இல்லாத காவலாளிக்கு விளம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டதையும் அவரிடம் கொட்டினேன். இறங்கும்போது சொன்னார்: "அதிலியோ விஷயம் கேள்விப்பட்டேன். நீ சாட்சி சொல்றதுன்னா நானும் வந்து பக்கத்துல உக்காருறேன். மூஞ்சியோட."

ஜூலை 1

பெனிதா அக்காவிடம் சரி என்றேன். டிவியில் பார்த்து யெசேனியா தெரிந்துகொள்வதைவிட நான் சொல்வது மேல் என்று இன்றைக்கே சொல்லிவிட்டேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப டீச்சர்கிட்ட நான் சொன்னது பொய்யா? என்னைய ஏன் பொய் சொல்ல வெச்ச? என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் என்ன சொல்லுவாங்க?"

உனக்காகத்தான்டி என்றேன். அது பாதிதான் உண்மை. எனக்காகவும்தான்.

ஜூலை 5

பள்ளி விடுமுறை. பகல் முழுக்க வீட்டில்தான் இருக்கிறாள். சுவரோடு பேசுகிறாள், என்னோடு இல்லை.

ஜூலை 9

விசாரணையில் சொல்லிவிட்டேன்!

முகமூடியைக் கழற்றியதும் கன்னம் குளிர்ந்தது. அதுதான் முதலில் தெரிந்தது. கேமரா நேரே என் மூக்குக்கு முன்னால். "என் பேர் காசில்டா திகோனா. பாலிஷ் போடுறவ. அவன் குடிக்கல. இந்தக் காவலாளிதான் தள்ளுனார்," என்றேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை.

வளாகத்து வக்கீல் எழுந்தார். "அன்னைக்கு எல்லாரும் முகமூடி போட்டிருந்தீங்க. அங்க இருந்தது நீங்கதான்னு எப்படிங்க நம்புறது?"

பின்னால் நாற்காலி நகரும் சத்தம். என் வரிசையில் உட்காருகிற இரண்டு பேர், முகம் காட்டவே மாட்டோம் என்று அடம்பிடித்தவர்கள், எழுந்து முகமூடியைக் கழற்றினார்கள். "அவளுக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன்." "அதிலியோவுக்கு அந்தப் பக்கம் நான்." அதிலியோ அழுதுவிட்டான். செவேரோ அண்ணன் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். பயத்தில் அவர் கைதான் அதிகம் வேர்த்திருந்தது.

ஜூலை 10

தெருமுனை ரொட்டிக்காரி: "டிவியில பாத்தேன். குண்டாத் தெரியுற." அவ்வளவுதான். இந்த ஒரு வாக்கியத்துக்கா ஏழு வருடம் பயந்தேன்?

பெட்டியை இனிப் பத்திரிகைக் கடையில் விடப்போவதில்லை. மினிபஸ்ஸில் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். யெசேனியா பெட்டியைப் பார்த்தாள். அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 28

தீர்ப்பு வந்தது. அதிலியோவின் சிகிச்சைச் செலவும், கை தேறும்வரை அவன் கூலியும் வளாகத்தின் பொறுப்பு. மூலை எங்களுக்குத்தான். சங்கத்தின் பெயரும் எங்கள் பெயரும் தைத்த மேல்சட்டை கிடைக்கும். விபத்துக் காப்பீடு இன்னும் பேச்சில்தான் இருக்கிறது. பெனிதா அக்கா விடமாட்டார்.

சிலர் இன்னும் முகமூடி போடுகிறார்கள். போடட்டும். அவரவர் நேரம் வரும்போது கழற்றட்டும்.

ஆகஸ்ட் 4

நாளைக்கு ஊர்வலம். பாலிஷ் போட யெசேனியாவின் ஷூவைக் கேட்டுப் பார்க்கலாமா, கோபித்துக்கொள்வாளா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பள்ளியிலிருந்து ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு வந்தாள். தரையில் கொட்டினாள். எல்லாம் ஷூ.

"என்னடி இது?"

"கொடி வரிசையில வர்ற எல்லாரோடதும். எங்கம்மா போட்டாத்தான் கண்ணாடியாட்டம் இருக்கும்னு சொன்னேன்." கொஞ்சம் நிறுத்தி, "சங்க ரேட்டு, பேரம் பேசக் கூடாதுன்னும் சொல்லிட்டேன்," என்றாள்.

பெட்டியை எடுத்துக் கதவைச் சாத்தப் போனேன். மறைத்தே பழகிய பழக்கம்!

"உள்ள ஏம்மா? வெளிய நல்ல வெயில் இருக்குல்ல."

தெருவில், வாசலில் உட்கார்ந்தோம். அவளும் ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டாள். எதிர்வீட்டிலிருந்து செவேரோ அண்ணன் தன் பெட்டியோடு வந்து, "பாதிய இந்தப் பக்கம் தள்ளு தங்கச்சி," என்றார்.

யெசேனியா நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: "மாமா, உங்களுக்கும் சங்க ரேட்டுதான்."