திகதியிடாத எட்டுக் கடிதங்கள்

நவம்பர் 17

நாளை மறுநாள் பிரதேச சபையில் வரவு செலவுத் திட்ட வாக்கெடுப்பு. தவிசாளர் என்ற முறையில் முழு ஆவணத்தையும் இருமுறை வாசித்தேன், பிழை காணவில்லை. எங்கள் கட்சி என்னோடு ஒன்பது, எதிரணி எட்டு. கினிகத்தேனைத் தேநீர்க் கடையில் ஒருவர், "தவிசாளர் ஐயா, இந்த வருசமும் எங்க பக்கம் மழை மட்டுந்தான் வருமா?" என்றார். சிரித்துச் சமாளித்தேன்.

நவம்பர் 19

தோற்றோம். ஆதரவு எட்டு, எதிர்ப்பு ஒன்பது. ஒன்பதாவது கை எங்கள் கட்சி உறுப்பினர் மெரினாவுடையது. றொசல்ல பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுப்பவர்.

"மன்னிச்சுக்குங்க சார். எங்க தோட்டத்துக் கீழ் டிவிசன் பாதை இல்லாத பட்ஜெட்டுக்கு என் கை வராது."

பாதையை நான் வேண்டுமென்று விடவில்லை. தோட்டக் காணியில் சபைப் பணத்தைச் செலவிட நிர்வாகத்தின் எழுத்துமூல இணக்கம் வேண்டும் என்பது என் நிலைப்பாடு. மூன்று கடிதங்கள் அனுப்பினேன், பதில் இல்லை.

இரு வாரங்களுக்குள் மீண்டும் வாக்கெடுப்பு. அதிலும் தோற்றால் தவிசாளர் பதவி போய்விடும்.

நவம்பர் 20

உபதவிசாளர் சின்னராசா காலையிலேயே வந்தார். வேட்புமனு நாளில் ஒவ்வொருவரிடமும் திகதியிடாத இராஜினாமாக் கடிதம் ஒன்றை வாங்கி, அணித் தலைவர் வைத்துக்கொள்வது எங்கள் கட்சி வழக்கம். வென்ற எட்டுப் பேரின் கடிதங்களும் என் மேசையில் இருக்கின்றன.

"மெரினாவோட கடிதத்துல திகதிய மட்டும் போட்டு அனுப்புங்க தலைவரே. அவ எடத்துக்குப் பட்டியல்ல அடுத்தவன் சுமன். நீங்க தும்முனாலே கை தூக்கிருவான்."

நவம்பர் 21

மெரினாவின் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். வாசகம் நான் எழுதியது. ஒப்பமிடும்போது, "இதுல திகதி இல்லீங்களே சார்?" என்று கேட்டார். "சும்மா ஒரு வழக்கந்தான் தங்கச்சி" என்றேன்.

சட்டத்தரணியான நான், வழக்குக்காக என்னிடம் வரும் எவரையும் இப்படியொரு தாளில் ஒப்பமிட விட்டிருப்பேனா? மாட்டேன். அப்படியானால் — இவரை ஏன் விட்டேன்?

நவம்பர் 23

தோட்டத்தில் மெரினாவின் லயத்து வீட்டுக்குப் போனேன். வாகனம் பாதி வழியோடு நின்றது, மீதியை நடந்தேன்.

"கடிதத்த அனுப்பப் போறீங்களா சார்?"

"இன்னும் முடிவு பண்ணல."

"அனுப்புனாலும் பரவால்லங்க. இங்க சொகமில்லாதவங்கள கொழுந்து லொறியிலதான் ஏத்துறோம். கொழுந்து நிறுத்து முடியிற வரைக்கும் லொறி நகராது. பக்கத்து வீட்டு ஜீவராணிக்கு நெஞ்சு வலி வந்த அன்னைக்கு, ஈரக் கொழுந்துன்னு எடைய வெட்டுனதுக்குக் கணக்கப்புள்ளையோட ஒரே சண்டை. அவ லொறிக்குள்ள ஒக்காந்திருக்கா."

"பொழைச்சாங்களா?"

"பொழைச்சா. நெஞ்சப் புடிச்சுக்கிட்டே அவளும் கணக்கப்புள்ளைய ஏசுனா."

"நான் மூணு கடிதம் எழுதினேன் தங்கச்சி."

"எழுதுனீங்க. ஒருக்கா நேர்ல போனீங்களா?"

போகவில்லை. வாய்ப்பேச்சுக்கு ஆதாரம் இராது என்பதனால் போகவில்லை.

நவம்பர் 25

மெரினாவையும் அழைத்துக்கொண்டு தோட்ட முகாமையாளரைச் சந்தித்தேன். பத்தே நிமிடங்கள். கொழும்புத் தலைமையகம் இணக்கக் கடிதம் தருமாம். ஆனால் சில வாரங்களாகும். வாக்கெடுப்பு அதற்கு முன்பே. "நிர்வாகத்தின் இணக்கத்திற்கு உட்பட்டு" என்ற வாசகத்தோடு பாதையைத் திட்டத்தில் சேர்த்தேன்.

நவம்பர் 28

எட்டுக் கடிதங்களையும் உரியவர்களிடமே கொடுத்துவிட்டேன். மெரினாவுக்கு மட்டும் கொடுப்பது பாரபட்சம். சின்னராசா தமதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "நெசமாவா தலைவரே?"

டிசம்பர் 2

மீண்டும் ஆதரவு எட்டு, எதிர்ப்பு ஒன்பது. மெரினா ஆதரவு. சின்னராசா எதிர்ப்பு. எதிரணி அவருக்குத் தவிசாளர் பதவி தருகிறதாம்.

"நீங்க குடுத்த சுதந்திரந்தானே தலைவரே" என்றார், வாசலில்.

பத்து வருசமா ஒரே வண்டியில போனோமேய்யா! ஒரு வார்த்தை முன்னாடி சொல்லக்கூடாதா?

வீட்டில் மனைவி பூரணி சோற்றைப் போட்டுவிட்டு, "சாப்புடுங்க. இனியாவது வீட்டுல ஒக்காந்து சாப்புடுவீங்க" என்றாள்.

டிசம்பர் 3

கடிதங்களைக் கொடுத்தது தவறா? இல்லை. வாங்கியதுதான் தவறு.

ஜனவரி 20

சாதாரண உறுப்பினராக முதல் அமர்வு. எனக்கு மெரினாவின் பக்கத்து ஆசனம். தோட்ட நிர்வாகத்தின் இணக்கம் கடந்த வாரம் வந்துவிட்டது. கீழ் டிவிசன் பாதைக்கான பிரேரணையை மெரினா முன்மொழிந்தார், நான் வழிமொழிந்தேன். தவிசாளர் சின்னராசா, ஆதரிப்பவர்களைக் கை உயர்த்தச் சொன்னார். எண்ணினேன்: பதினாறு. எதிரணியில் ஒருவரும் மிச்சமில்லை. தவிசாளரின் வாக்குக்குத் தேவையுமில்லை. ஆனாலும், என் பக்கம் பார்க்காமலே, அவர் தமது கையையும் உயர்த்தினார்.